பாஸ்டருக்குப் பதில் சொன்ன யுகுலேலே

ஜெனி, டேனி, இரண்டு பேரும் கேளுங்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், கேக் தட்டை அவர்கள் கையில் கொடுத்த மறு நிமிடமே நீங்கள் ஆரம்பித்துவிடுகிறீர்கள். "அங்கிள், எங்க அப்பா இட்லிப் பானைல கிட்டார் செஞ்ச கதை தெரியுமா?" அது இட்லிப் பானை இல்லை. இட்லிப் பானைக்குள் வைக்கிற ஓட்டைத் தட்டு மட்டும்தான். அது கிட்டாரும் இல்லை, நாலே கம்பி உள்ள யுகுலேலே. இதை எத்தனை தடவை சொன்னாலும், "சரி சரி, நீங்க கேக் சாப்பிடுங்கப்பா" என்கிறீர்கள்.

உங்கள் கதையில் இன்னொரு குறையும் இருக்கிறது. அதில் ஒரு ஸ்குரூ வருவதே இல்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஸ்குரூ விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நேரில் சொல்லலாம் என்றுதான் இத்தனை வருஷம் பார்த்தேன். வாயைத் திறந்தால் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதினால் நீளம், அகலம், கனம் என்று அளவுதான் எழுதுவேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் (சிவப்பு மை வேண்டாம்).

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனையோ வீடுகளில் என் அலமாரியும் கிச்சன் கப்போர்டும் இருக்கின்றன. என் வேலையின் பெருமையே சத்தம் வராததுதான். டிராயரைத் தள்ளினால் அது பூனை மாதிரி போய் மூடிக்கொள்ள வேண்டும். கதவு ஆடக் கூடாது. பலகை நடுங்கக் கூடாது. ஆடுகிற இடம் எங்கே இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. ஒட்டுவேன், ஸ்குரூ அடிப்பேன், அதற்கு மேல் ஒரு ரப்பர் பொட்டும் வைப்பேன். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை அடக்கிப் பிழைத்த ஒருவன், சத்தம் போடுகிற ஒரு பொருளைச் செய்யக் கிளம்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

ஜெனி, அப்போது நீ ஏழாம் வகுப்பு. டேனி, நீ ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். சர்ச்சில் பிள்ளைகளின் பாட்டுக் குழுவை ஸ்டான்லி சார் நடத்தினார். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். அங்கே ஃபைல் அடுக்குகிற மாதிரியே இங்கே பிள்ளைகளை உயரவாரியாக அடுக்குவார். கிறிஸ்துமஸ் புரோகிராமுக்கு ரிகர்சல் நடந்தது. ஒரு கீபோர்டு, ஒரு டிரம், இரண்டு கிட்டார், நடுவில் உன் குட்டி யுகுலேலே. உன்னைக் கூப்பிட வந்த நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சார் பாட்டை நிறுத்தி உன் பக்கம் திரும்பினார்.

"ஜெனி, நீ வாசிக்கறது உனக்காவது கேக்குதாம்மா?"

"லைட்டா கேக்குது சார்."

"எனக்குக் கேக்கல. இந்த வருஷம் நீ ஆக்‌ஷன் குரூப்ல நின்னுக்கோ. ஸ்டார் பிடிச்சுக்கலாம்."

ஆக்‌ஷன் குரூப் என்பது டேனியின் குழு. பல் விழுந்த பிள்ளைகள் அட்டை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இடதும் வலதும் ஆடும் குழு. அதில் ஏழாம் வகுப்புப் பெண் நின்றால் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் ஒட்டகம் மாதிரி இருக்கும்.

நான் உள்ளே போனேன். "சார், இதுக்கு ஒரு மைக் வச்சா?"

"பிரதர், இருக்கறது நாலு மைக். மூணு பாடற பசங்களுக்கு, ஒண்ணு பாஸ்டருக்கு. பாஸ்டர்ட்ட போய் நீங்க கேக்கறீங்களா?"

"சத்தமா இன்னொரு யுகுலேலே கொண்டு வந்தா?"

"கொண்டு வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு கடைசி ரிகர்சல். அன்னைக்கு என் காதுல விழுந்தா முன் வரிசை. இல்லன்னா ஸ்டார்."

வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. யுகுலேலேவை அதன் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். காலால் தள்ளினாய். கையால் தள்ளியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாள் உன் ஃபோனில் நீயே ஒரு வீடியோ காட்டினாய். ஒரு வெளிநாட்டுத் தாத்தா மரத்தில் யுகுலேலே செய்து, அதன் வயிற்றில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே ஓர் அலுமினியக் கூம்பைக் கவிழ்த்து வைக்கிறார். கூம்பின் உச்சியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு மரவில்லை. கம்பிகள் அந்த வில்லையை அழுத்திக்கொண்டு போகின்றன. கம்பி அதிர்ந்தால் வில்லை அதிரும், வில்லை அதிர்ந்தால் கூம்பு அதிரும். ஒலிபெருக்கிக்குள் இருக்கிற கூம்பு மாதிரி அதுவே சத்தத்தைத் தள்ளிவிடும். மேலே ஓட்டை போட்ட ஒரு மூடி. மின்சாரமே வேண்டாம். உடம்பையும் தகரத்தில் செய்கிறவர்கள் உண்டாம். அது காதைக் கிழிக்குமாம். மர உடம்பு என்றால் சத்தமும் வரும், கொஞ்சம் கனிவும் இருக்கும் என்று நீ எனக்கு மொழிபெயர்த்தாய்.

தாத்தா அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுப் பேசினார். அவர் பேசும்போதெல்லாம் நான் வீடியோவைத் தள்ளிவிட்டேன்.

"அப்பா, இந்த இடம் முக்கியம்ப்பா. கூம்ப ஒட்டக்கூடாதாம். சும்மா உக்கார வச்சா போதுமாம். கம்பியோட அழுத்தமே அத பிடிச்சுக்குமாம்."

"சும்மா வச்சா எப்படிம்மா நிக்கும்? அவங்க ஊர்ல வெயில் கம்மி. நம்ம ஊருக்கு ஒட்டித்தான் ஆகணும்."

வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது.

கூம்புக்காக பம்மலுக்குப் போனேன். அங்கே பாஸ்கர், சுழலும் லேத்தில் அலுமினியத் தகட்டை அழுத்தி அழுத்தி மூடி, லைட்டு ஷேடு எல்லாம் செய்கிறவன். நான் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த இது, லைட்டு ஷேடா?"

"யுகுலேலேக்குள்ள வைக்கறதுக்கு."

"அது இன்னா?"

"கிட்டாருக்குத் தம்பி மாதிரி."

"தம்பி வயித்துக்குள்ள இன்னாத்துக்கு ஷேடு? சரி, எனக்கின்னா. கனம் எவ்ளோ?"

"நல்லா ஸ்ட்ராங்கா போடு."

"நம்மகிட்ட வீக்கா எதுவும் கீதா? ஆட்டோ ஏறுனாலும் நசுங்காது, எடுத்துகினு போ."

உலகத்தில் அந்த ஒரு பொருளை மட்டும் பேப்பர் மாதிரி மெல்லிசாகச் செய்ய வேண்டும். அதைச் செய்யச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருமே எதையும் உறுதியாகச் செய்தே பேர் வாங்கியவர்கள்.

உடம்புக்குத் தண்ணீர் பட்டாலும் ஊறாத, கரையான் அரிக்காத பிளைவுட் போட்டேன் (சிங்க்குக்கு அடியில் போடுகிற பலகை, வாத்தியத்தைக் கழுவும் சந்தர்ப்பம் வந்தால் உதவும் என்று நினைத்தேன்). மூலைக்கு மூலை உள்ளே கட்டை கொடுத்தேன். மூடிக்கு உங்கள் அம்மாவின் இட்லிப் பானைத் தட்டு. ஓட்டைகள் அழகாக வரிசையாக இருந்தன, நடுவில் மட்டும் கம்பி போக வெட்டிக்கொண்டேன். அதன் பிறகு செய்ததுதான் துணிச்சல். கழுத்து செய்ய நேரம் இல்லாததால், உன் பழைய யுகுலேலேவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, கழுத்தை அறுத்துப் புதிதில் பொருத்தினேன். நீ கதவருகே நின்று பார்த்தாய். அறுத்த பிறகு, "இனிமே இது நல்லா வரணும்ப்பா" என்றாய். இனி அது வந்தால் முன் வரிசை, வராவிட்டால் உனக்கு வாத்தியமே கிடையாது.

கூம்பைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினேன். எட்டு ஸ்குரூ அடித்தேன். விளிம்பில் சிலிக்கான் பூசினேன். தூக்கிப் பார்த்தேன், கட்டில் பக்கத்தில் வைக்கிற சின்ன டேபிள் கனம் இருந்தது. கம்பி கட்டி, நீ உட்கார்ந்து முதல் தடவை வாசித்தாய்.

"டொக் டொக்."

சமையலறையிலிருந்து அம்மா போய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். "யாரையும் காணோங்க."

நீ மறுபடி வாசித்தாய். அம்மா மறுபடி போனாள். மூன்றாம் முறை, "கீழ் வீட்டுப் பசங்கதான் தட்டிட்டு ஓடுதுங்க. இருக்கட்டும், இன்னைக்கு ஒரு கை பாக்கறேன்" என்று துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் ஒரு வாத்தியம் செய்யவில்லை. ரொம்ப நல்ல அலமாரி ஒன்று செய்திருந்தேன்.

"அப்பா, அந்தத் தாத்தா..." என்று நீ ஆரம்பித்தாய்.

"தெரியும்மா. ஒட்டக்கூடாது."

மறுபடி பம்மல். "பாஸ்கர், அப்பளம் மாதிரி வேணும்."

"அப்பளமா? அதெல்லாம் ஒரு வேலையா அண்ணாத்த? கைய வச்சா பள்ளம் வுழும்."

"விழட்டும். மெல்லிசா வேணும்."

முனகிக்கொண்டே செய்தான். கொடுக்கும்போது, "இத யாரு செஞ்சதுன்னு எவனாவது கேட்டா என் பேர மட்டும் சொல்லிடாத" என்றான் (சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் பாஸ்கர்).

மெல்லிய பலகையில் புதிய உடம்பு, உள்ளே வட்டமாக ஒரு படி, அந்தப் படியின் மேல் கூம்பு சும்மா உட்கார்ந்தது. பசையும் இல்லை, ஸ்குரூவும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கம்பியை முறுக்கினோம். நீ வாசித்தாய்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? புது எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்து, ஆனால் சுருதியோடு விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படிக் கணீரென்று கிளம்பியது. கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி. கிளம்பின வேகத்தில் மரம் அதைப் பிடித்து ஓரத்தைத் தேய்த்து அனுப்பியது. கீழ் வீட்டுப் பையன் படியேறி வந்து, "அக்கா, டிவி புதுசா?" என்றான். ரிகர்சலில் ஸ்டான்லி சார் டிரம்காரப் பையனைப் பார்த்து, "நீ கொஞ்சம் சத்தமா அடி, ஜெனி சத்தத்துல நீ கேக்கல" என்று சொல்வார் என்று யாராவது நினைத்திருப்பார்களா? சொன்னார். உனக்கு முன் வரிசை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

புரோகிராம் அன்று காலையில் நீங்கள் குளித்துக்கொண்டும் தலை சீவிக்கொண்டும் இருந்தபோது, வாத்தியத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூம்பை ஒன்றுமே பிடித்திருக்கவில்லை. முடிச்சூர் ரோட்டில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர். ஸ்கூட்டர் குலுங்கி, கூம்பு நகர்ந்து, சர்ச்சில் எல்லார் முன்னாலும் நீ வாசிக்க எடுக்கும்போது உள்ளே சரிந்துவிட்டால்? மூடியைக் கழற்றினேன். விளிம்பில், ஒரே ஓர் இடத்தில், இருப்பதிலேயே சின்ன ஸ்குரூ ஒன்று. ஒன்றுதானே. மூடியை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதுதான் உங்கள் கதையில் வராத ஸ்குரூ.

சர்ச்சில் பிள்ளைகள் வாத்தியங்களை மேடை ஓரத்தில் நாற்காலிகளில் சாய்த்து வைத்தார்கள். உன்னுடையது பாஸ்டரின் பிரசங்க மேடைக்குப் பக்கத்திலேயே, ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரில் இருந்தது. பாட்டு கடைசியில். முதலில் பாஸ்டரின் செய்தி. அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல்.

"பிரியமானவர்களே..."

"ங்ங்ங்ங்" என்றது யுகுலேலே.

அவர் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது.

"இந்த நல்ல நாளிலே..."

"ங்ங்ங்ங். ஸ்ர்ர்."

அப்பளம் மாதிரி மெல்லிய கூம்பு. சும்மா இருக்கும்போதும் யார் குரல் பட்டாலும் அது சேர்ந்து அதிரும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மற்ற யாருக்கும் புரியவில்லை. பாஸ்டர் மைக்கைத் தட்டினார். ஸவுண்டு செட்டுக்காரர் ஓடி வந்து, "செக், செக், ஹலோ" என்றார். அவருக்கும் பதில் வந்தது. அவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பாஸ்டர் நகர்ந்து நின்றார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், வயதான ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஆமோதிக்கிற மாதிரி "ங்ங்ங்" என்றது. ஆக்‌ஷன் குரூப் முழுக்கச் சிரித்தது. டேனி, நீ நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தாய். ஜெனி, நீ சிரிக்கவில்லை. உன் வாத்தியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னும் இரண்டு நிமிடம் போனால் யாராவது அதை வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும் நேரம் வந்தது. இதுதான் சமயம் என்று குனிந்தேன். பெஞ்சுகளின் ஓரமாக முழங்காலில் நகர்ந்து மேடை வரை போனேன். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கம்பிக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே திணித்தேன். அதே நேரத்தில் மேலே பாஸ்டர், "இந்த நாளிலே உங்கள் பாரத்தை இறக்கி வைக்க யாராவது ஒருவர் முன்னே வருவீர்களா?" என்று கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

கீழே நான். முழங்காலில். தலை குனிந்து.

"பிரதர் ஜேக்கப்" என்றார். என் தலையில் கை வைத்தார். கனமான கை, எழுந்திருக்க முடியவில்லை. மைக் அவர் இன்னொரு கையில்.

"எத்தனை வருஷமா இந்தப் பாரம், பிரதர்?"

"ரெண்டு வாரமா, ஐயா."

"யாருக்கும் தெரியாம தனியாவே சுமந்தீங்களா?"

"ஸ்டான்லி சாருக்குத் தெரியும், ஐயா."

சபை முழுவதும் ஸ்டான்லி சாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஏன் என்று தெரியாமலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னைக்கு இறக்கி வச்சிட்டீங்களா?"

"உள்ள வச்சிட்டேன், ஐயா."

"ஆமென்" என்றார். "ஆமென்" என்றது சபை. கைக்குட்டை வேலை செய்தது; யுகுலேலே மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சபையின் பெரியவர்களான மூப்பர்கள் இருவர் என்னை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, முன் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ விசிறினார்கள். அந்தப் பக்கம் உங்கள் அம்மா, பத்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷனை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். எழுந்து போய்க் கைக்குட்டையை எடுக்க வழியே இல்லை.

உங்கள் பாட்டு ஆரம்பித்தது. ஸ்டான்லி சார் உனக்குக் கை காட்டினார். நீ வாசித்தாய்.

"டொக்."

முன் வரிசையில் நின்று, அத்தனை பேர் முன்னால், என் முதல் அலமாரியின் சத்தம். இன்னொரு தடவை, "டொக்." நீ குனிந்து பார்த்தாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். உள்ளே இருப்பதை வெளியே இழு என்று நான் கையால் ஜாடை காட்டினேன். பக்கத்தில் இருந்த மூப்பர் நான் மறுபடி உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்.

நீ விரலை விட்டு இழுத்தாய். நீலக் கட்டம் போட்ட என் கைக்குட்டை, பசைக் கறையோடு, முழம் முழமாக வந்தது. பாட்டு நிற்கவில்லை. நீ அதைப் பக்கத்தில் டேனியிடம் கொடுத்தாய். டேனி அதை நட்சத்திரத்தின் நுனியில் மாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். நீ வாசித்தாய். கணீரென்று எழும்பியது. கீபோர்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. பாஸ்டர் தலையை ஆட்டினார். ஆனால் மேல் கம்பியைத் தொடும்போதெல்லாம் அந்த "ஸ்ர்ர்" வந்தது, டப்பாவுக்குள் வண்டு மாட்டின மாதிரி. ஒவ்வொரு தடவை வரும்போதும் உன் முகம் சுருங்கியது. கடைசி வரை நிறுத்தாமல் வாசித்து முடித்தாய்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னாய்: "மேல் கம்பிய நான் சரியா அழுத்தலப்பா. கரகரன்னு வந்துச்சு. ரிகர்சல்ல வரவே இல்ல. பயத்துல அழுத்தாம விட்டுட்டேன் போல."

"பரவால்லம்மா" என்றேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாஸ்டர் இப்போதும் வீட்டுக்கு வந்தால், "பாரமெல்லாம் இல்லையே பிரதர்?" என்று கேட்காமல் காபி குடிப்பதில்லை. நான் செருப்பு மாட்டக் குனிந்தால் போதும், டேனி வந்து தலையில் கை வைத்து, "எத்தனை வருஷமா, பிரதர்?" என்கிறான். "ரெண்டு வாரமா, ஐயா" என்று சொன்னால்தான் நிமிர விடுகிறான். இப்போது அவன் என்னைவிட உயரம், கையும் கனம். ஜெனி, நீ அந்த யுகுலேலேவை இன்னும் வாசிக்கிறாய், ஆனால் மேல் கம்பிக்குப் போகும்போது இப்போதும் ஒரு நொடி தயங்குகிறாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை சட்டைப் பைக்குப் போகும்.

புரோகிராமுக்கு மறுநாள் அம்மா உங்களைக் கீழ்க்கட்டளையில் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனாள். வீட்டில் நான் மட்டும். கதவைச் சாத்திவிட்டு, இட்லித் தட்டைக் கழற்றி, அந்த ஒரு ஸ்குரூவைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. கூம்பின் விளிம்பில் ஒரு சின்னத் துளை நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் இன்றும் தெரியும். கம்பியை மறுபடி முறுக்கி, வாத்தியத்தை நாற்காலியில் சாய்த்து, எதிரில் தரையில் உட்கார்ந்தேன். குரலைக் கனமாக்கி, "பிரியமானவர்களே" என்றேன்.

"ங்ங்ங்ங்" என்றது. கரகரப்பு இல்லை.

பையிலிருந்த ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அதே குரலில், "தப்பு உன்மேல இல்ல ஜெனி" என்று சொன்னேன். அதற்கும் பதில் வந்தது.